நெருப்புக் கம்பத்துக்குத் தோண்டிய குழி

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை, ரொட்டிக்கடையில் கால் வைக்க இடமில்லை. மோர்ஹூக் ஊர் முழுவதும் பின்னல் ரொட்டி வாங்க வந்து நின்றது போலிருந்தது. கெசீனா தலை நிமிராமல் காகிதத்தில் சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதாகியும் அவளுக்கு ஆட்களின் முகம் பார்த்துப் பேச வராது. சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு இந்தக் கடைக்கு வந்தவள். வேறென்ன வேண்டும் என்று கேட்பதற்கு மேல் அவள் பேசிக் கேட்டவர்கள் குறைவு.

கடைக்காரி லூபர்ஸ் அம்மாதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நடுவில் கம்பம் நட்டு, சுற்றிலும் கிளைகளைக் குவித்து, ஊரே கூடி ஈஸ்டர் நெருப்பு மூட்டும் பழைய இடத்தில் நகராட்சி வீடு கட்டத் தொடங்கிவிட்டதாம். அதனால் இந்த வருஷம் ரயில் பாதை ஓரத்தில் பண்ணைக்காரன் டெர்போர்க்கின் புல்வெளியில்தான் நெருப்பாம். கம்பத்துக்குக் குழி தோண்டுவது யார் தெரியுமா என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

"உன் புருஷன்தான்டி. வெளியூர்லேர்ந்து வந்து இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் அவனை நம்மாளுன்னு ஒத்துக்கிட்டிருக்காங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சந்தோஷமா சொல்லேன்."

கெசீனாவின் கையிலிருந்த ரொட்டி நழுவியது. டெர்போர்க்கின் புல்வெளி என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

போரின் கடைசி வசந்தத்தில் அவளுக்கு ஏழு வயது. ரயில் பாலத்தைக் குறிவைத்து விமானங்கள் வந்தபோது அவள் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்க்காலில் படுத்திருந்தாள். ஒரு குண்டு அந்தப் புல்வெளியில் விழுந்தது. வெடிக்கவில்லை. சதுப்பு மண் அதை அப்படியே விழுங்கிக்கொண்டது. யாரோ பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் அவளுடைய அப்பாவும் டெர்போர்க்கின் அப்பாவும் தள்ளுவண்டியில் மண் கொண்டுபோய் அந்த ஓட்டையை மூடினார்கள். கெசீனாவின் குடும்பம் குடியிருந்தது டெர்போர்க் வீட்டு இடத்தில். வாய் திறக்கக் கூடாது, மேயும் மாடு எதையும் வெடிக்க வைக்காது என்று அப்பா சொன்னார். அதன்பின் அங்கே புல்லும் மாடும்தான். யாரும் மண்வெட்டி வைக்கவில்லை. கிழவர்கள் இருவரும் செத்துப் போனார்கள். அவளும் சொல்லவில்லை.

அவள் கல்லாவைத் தாண்டி வெளியே வந்தாள். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். எங்கே போகிறாய் என்று லூபர்ஸ் அம்மா கேட்பதற்குள், ரொட்டி கொண்டுபோகும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏப்ரனோடு மிதித்தாள். ரயில் கேட் வரைக்கும் காது முழுக்கத் தன் மூச்சுதான் கேட்டது. எந்த நொடியும் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே மிதித்தாள்.

புல்வெளியில் வெட்டிய வேலிக் கிளைகள் வட்டமாக மலைபோல் குவிந்திருந்தன. நடுவில், வருஷா வருஷம் நெருப்பை நடத்தும் ஊர்த் தீயணைப்புப் படை ஆட்கள் பீரோடு நின்றிருந்தார்கள். உரித்த ஊசியிலை மரம் ஒன்று கம்பமாக நடுவதற்குத் தயாராகக் கிடந்தது. குழிக்குள் நின்ற அவள் புருஷன் எவால்டின் தொப்பி மட்டும் தரைமட்டத்தில் தெரிந்தது. வழக்கமாக இடுப்பளவு தோண்டினால் போதும். ஆனால் போன வருஷம் தீ உச்சியைத் தொடுமுன்பே கம்பம் சாய்ந்துவிட்டது. மோர்ஹூக்கில் கம்பத்தைப் படுக்கவைத்துத்தான் கொளுத்துவார்களா என்று பக்கத்து ஊர் ஓஸ்ட்ரம்காரர்கள் வருஷம் முழுவதும் கேட்டுச் சிரித்தார்கள். அதனால் இந்தத் தடவை ஆள் உயரம்.

படைத் தலைவனும் டெர்போர்க்தான். அவளைப் பார்த்ததும் குழிக்குள் குனிந்தான்.

"எவால்ட், உன் பொண்டாட்டி வந்திருக்காப்பா. நீ உள்ளயே தங்கிடுவியோன்னு பயம் போல."

எல்லோரும் சிரித்தார்கள். கெசீனா வாயைத் திறந்தாள். இத்தனை பேர் முன்னால் அவள் ஒருநாளும் பேசியதில்லை. பேசினால் எவால்டுக்குக் கிடைத்த மரியாதை போய்விடும். பேசாவிட்டால் எவால்டே போய்விடுவான்.

குழிக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. "கல்லு தட்டுதுங்க தலைவரே. கடப்பாரை குடுங்க."

மோர்ஹூக்கில் கல் கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் கறுப்பு மண்தான். பிறந்ததிலிருந்து அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் அது. டெர்போர்க்கும் ஒரு கணம் தயங்கினான். பிறகு கடப்பாரையை எடுத்து நீட்டினான். அதற்குள் கெசீனா குழியின் விளிம்பில் உட்கார்ந்து, மெல்ல வழுக்கி, புருஷனின் பூட்ஸ் மேல் இறங்கி நின்றாள். இருவருக்கும் அசைய இடமில்லை.

"ஏய், என்ன பண்றே," என்றான் எவால்ட். வெட்கத்தில் அவன் முகம் சிவந்திருந்தது.

"கீழ குண்டு இருக்கு," என்றாள் அவள். "நான் பாத்தேன்."

மேலே ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான். டெர்போர்க் குரலை உயர்த்தவில்லை. "இருபது வருஷமா என் மாடு இங்கதாம்மா மேயுது."

"மாடு தோண்டாது."

"சரி, அப்ப லேசா ஒரு தட்டு தட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்."

கெசீனா முதன்முறையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நாங்க மேல வர்றோம். நீங்க இறங்கித் தட்டுங்க."

டெர்போர்க் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தான். பிறகு தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல அதைப் புல்லில் வைத்தான். இருவரையும் கைபிடித்துத் தூக்கினார்கள். எவால்டின் கை ஈரமாக, குளிர்ந்து கிடந்தது.

மாலைக்குள் போலீஸ் வந்தது. குண்டு அகற்றும் ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணாடி உடையாமலிருக்க ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, மோர்ஹூக் முழுவதும் ஓஸ்ட்ரம் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த ஊர்ப் பெண்கள் காப்பியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருத்திகூடக் கம்பத்தைப் பற்றிக் கேலி பேசவில்லை. அதுதான் எல்லோரையும் இன்னும் பயமுறுத்தியது. முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். கெசீனாவுக்குக் கேட்டது. கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் அவள் தோள் துள்ளியது. எவால்ட் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

மதியத்துக்குப் பிறகு போலீஸ்காரர் உள்ளே வந்து முடிந்துவிட்டது என்றார். மண்வெட்டி கீறிய தடம் இரும்பில் பளபளவென்று இருந்ததாம். அதற்கு ஒரு கையகலத்தில்தான் வெடிமுனை இருந்ததாம். டெர்போர்க் எழுந்து வந்து கெசீனாவின் முன் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

வீட்டுக்குப் போகும் வழியில் எவால்ட் வயல்வழி பிரியும் இடத்தில் நின்றான்.

"வேற எங்கெல்லாம் விழுந்துச்சு?"

கெசீனா யோசித்துப் பார்த்தாள். வாய்க்கால், ஆடு, அந்தப் பெருமூச்சு. அதற்கப்புறம் தலைக்குமேல் வெகுநேரம் இரைச்சல்.

"தெரியாது," என்றாள். "முதல் குண்டோட நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

அவன் தன் காலடியைப் பார்த்தான். இருவரும் வயல்வழியை விட்டுவிட்டுத் தார்ச்சாலையிலேயே சுற்றி நடந்தார்கள். வீட்டுக்குப் பின்னால், உருளைக்கிழங்கு நடுவதற்குக் கொத்த வேண்டிய நிலம் கறுப்பாகக் கிடந்தது.