பூமாலை விழாத குளம்

என் பேரன் வீட்டுத் தோட்டத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ணமீன் விட்டிருக்கிறான். நேற்று அதில் கைவிட்டேன்; விரலோடு பச்சை இழை திரண்டு வந்தது. அந்தப் பாசி வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு இருபது வயதாகிவிட்டது.

அந்நாளில் குன்றக்குடிச் சாலையோரம் ஓர் ஆச்சியின் நந்தவனத்தில் எனக்கு வேலை. அங்கிருந்த சிறு குளத்து நீர்தான் கோயிலில் அபிஷேகத்துக்குப் போகும். ஒரு தை மாதம் நீர் பச்சை பிடித்தது. அர்ச்சகர் மொண்ட குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

"பங்குனி உத்திரத்துக்குள்ள தெளியலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிருவேன்" என்றார் ஆச்சி.

ஆணவத்துக்குப் பாசியை உவமை சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். குளத்துப் பாசிக்கு அந்த ஞானம் உதவவில்லை. பதிகம் பாடியபடியே வைக்கோற்புரியை நீரில் இழுத்து அரித்தெடுப்பேன். மூன்றாம் நாள் மீண்டும் படர்ந்திருக்கும். என் பாட்டை இறைவன் கேட்டானோ இல்லையோ, பாசி கேட்டுத் தழைத்தது.

பிறகுதான் கவனித்தேன். கீழ்த்துறையில்தான் பாசி தடித்திருந்தது. சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலைகளை, யார் காலிலும் மிதிபடலாகாதென்று, அத்துறையில்தான் நீரில் விடுவார்கள். அழுகிய பூவே பாசிக்கு உரம். அன்றே துறையை மறித்து நின்றேன். ஊர் ஏசியது. ஆச்சி தாமே பூக்கூடையோடு வந்தார்.

"சாமி மாலையவா மறிக்கிற?"

"ஆமா ஆச்சி. நீங்க போடுறீக, பாசி திங்குது."

"பாவம்டா."

"அது எனக்கே இருக்கட்டும் ஆச்சி."

"எம்புட்டுப் பாவந்தான் தாங்குவ?"

"குளம் தெளியிற மட்டுக்கும்."

ஆச்சி கூடையைப் படியில் இறக்கினார். "அப்ப இதை எங்குட்டுப் போடுவ?"

நந்தியாவட்டைச் செடியடியில் நான் வெட்டியிருந்த குழியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"ஆழம் பத்தாது. இன்னும் வெட்டு" என்று சொல்லிப் போய்விட்டார்.

உத்திரத்தன்று அர்ச்சகர் குடத்தை அமிழ்த்தி எடுத்தார். முகம் சுளிக்கவுமில்லை, மெச்சவுமில்லை; நிறைகுடத்தோடு கோயிலுக்கு நடந்தார். மாலையைத் தடுத்ததும் வழிபாடே என்று அன்று எண்ணினேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

ஆச்சிக்குப் பின் நந்தவனம் கைமாறியது. வாங்கியவர்கள் குளத்தைத் தூர்த்து மரக்கடை போட்டார்கள். தண்ணீர் கெட்டுக் கிடந்ததால் மூடினோம் என்று இன்றளவும் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். முதல் வண்டி மண் வந்த காலையில் கரையில் நின்றவன் நான். நீருக்குள் ஏழாம் படியில் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. மேலிருந்தே அதன் கொம்பு தெரிந்தது.