முதலில் போட்ட வலை

வளைகுடாவில், அல் குசைஸில் எங்கள் சின்ன வக்கீல் ஆபீஸ், இங்கே கடலுக்குப் போகும் குமரிக்கரை மீனவர்களின் தகராறுகளை ஊர்க்கடல் வழக்கப்படி தீர்த்துவைக்கும். "மொதல்ல வலை போட்டவனுக்குத்தான் அந்த இடம்" என்று வக்கீல் ஒரு சண்டையை முடித்தார். அதை ஆபீஸ் செய்திமடலில் பெருமையாக எழுதச் சொன்னார். எழுதினேன்.

மறுநாள், நான் தங்கியிருக்கும் அஜ்மானிலிருந்து விடியுமுன்னே கிளம்பினேன். வாசலில் இருந்த ஒரே மரநிழலில், வக்கீல் வழக்கமாக நிறுத்தும் இடத்தில், என் காரை விட்டேன். எங்களுக்கெல்லாம் எட்டு மணிக்கே டியூட்டி. அவர் பத்தரைக்குத்தான் வந்தார்.

"லேய், அது எனக்க இடம்லா!"

"மொதல்ல வலை போட்டது நானாக்கும், சார்."

அவர் தன் காரை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். அடுத்த நாள் ஏழு மணிக்கே நிழலில் அவர் கார் நின்றது.

அந்த மாதச் செய்திமடலில் கடைசி வரியை நானே சேர்த்தேன்: 'நம் வக்கீல் இப்போது நேரத்துக்கு வருகிறார்.'