வீட்டில் தமிழ் நின்றுபோன இரண்டு மாதங்கள்

1. ஐந்து நிமிடத்தில் வாங்கிய கையெழுத்து

புனேயில், கசார்வாடிப் பக்கம் உள்ள ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நான் சப்போர்ட் டீச்சர். வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை வாரத்தில் மூன்று பீரியட் தனியாக உட்கார வைத்துக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அந்த அறைக்கு ரிசோர்ஸ் ரூம் என்று பெயர். பிள்ளையை அங்கே சேர்க்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளோடு உட்காருவதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சேர்ந்த முதல் வாரம், மூன்றாம் வகுப்பு தர்ஷினியின் அப்பா ஏழுமலை வந்தார். கள்ளக்குறிச்சிக்காரர். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஷிஃப்டுக்கு நடுவில், எண்ணெய்க் கறை பட்ட யூனிஃபார்மோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தமிழ் பேசும் பெற்றோர் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். நான் அசெஸ்மெண்ட், போனிக்ஸ், இன்டர்வென்ஷன் என்று பயிற்சியில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

“எங்க போடணும் சார்?” என்றார். காட்டினேன். போட்டார்.

மொத்தமே ஐந்து நிமிடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அப்பாவும் பள்ளியில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கேள்வி கேட்காமல் கைநாட்டு வைப்பார். கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாதென்று தெரிந்துவிடுமே என்ற பயம். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

கதவு வரை போன ஏழுமலை திரும்பினார். “வீட்ல நாங்க என்னா சார் செய்யணும்?”

“கொஞ்சம் இங்கிலீஷ்லயே பேசுங்கண்ணே” என்றேன்.

இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஸ்டாஃப் ரூமில் இருக்கும் எல்லோரும் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வது இது. ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமே என்று நானும் சொன்னேன்.

2. எல்.சி. கேட்டு ஒரு மனு

தர்ஷினி ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பார்ப்பாள், மீதியை ஊகிப்பாள். ‘ஹார்ஸ்’ என்றிருந்தாலும் ‘ஹவுஸ்’ என்பாள். ஆனால் வாய் ஓயாது. “சார், எங்க பில்டிங்ல பானியே வரல. அம்மாவுக்கும் பக்கத்து ஆண்ட்டிக்கும் ஜோரா சண்ட!” என்று, தண்ணீரைப் பானி என்னும் இந்தி கலந்த தமிழில், தினம் ஒரு செய்தியோடு வருவாள்.

சில வாரங்களில் அது குறைந்தது. பிறகு நின்றே போனது. “நேத்து வீட்ல என்ன பண்ணின?” என்றால், “நத்திங் சார்.” நான் பதிவேட்டில் ‘அமைதி கூடியிருக்கிறது, கவனம் நன்று’ என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துக் கோ-ஆர்டினேட்டர் மேடம் கூப்பிட்டார். தர்ஷினியின் பெற்றோர் எல்.சி. கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். ஊரில் டி.சி. என்பதை இங்கே எல்.சி. என்பார்கள். பிள்ளையைக் கள்ளக்குறிச்சியில் தாய்மாமன் வீட்டில் விட்டுத் தமிழ் மீடியத்தில் சேர்க்கப் போகிறார்களாம். பெற்றோர் இங்கே, எட்டு வயதுப் பெண் அங்கே.

“பேசிப் பார். ஆனால் தவறு நம்முடையது என்பதுபோல எதையும் சொல்லிவிடாதே. பிடித்துக்கொள்வார்கள்” என்றார் மேடம், இந்தியில்.

3. கோமதி அக்கா பேசியது

மறுநாள் ஏழுமலை தன் மனைவி கோமதியையும் அழைத்து வந்தார். நான் மறுபடி அசெஸ்மெண்ட் என்று ஆரம்பித்ததும் கோமதி கையமர்த்தினார்.

“சார், நேரா ஒண்ணு கேக்குறேன். எம்புள்ளைக்கு மூள கம்மியா?”

“இல்லக்கா! யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? தனி ரூம்ல ஒக்கார வெச்சா அக்கம்பக்கம் வேற என்னா நெனைக்கும்? இவரு கையெழுத்துப் போட்டாரே தவிர, என்னான்னு கேட்டா ‘ஏதோ கிளாஸு’ங்குறாரு.”

“அவுரு இங்கிலீஷ்ல அடுக்குனாரு, நான் என்னாத்தக் கேக்குறது?” என்றார் ஏழுமலை.

புத்தகத்தைத் திறந்து, தர்ஷினி எப்படிப் படிக்கிறாள் என்று படித்துக் காட்டினேன். கோமதி சட்டென்று சொன்னார்: “நான் புனே வந்த புதுசுல பஸ் ஏறுன மாதிரி சார். மராட்டி போர்டுல மொத எழுத்தோட வளைவ மட்டும் பாத்துட்டு ஏறிடுவேன்.”

“ஒருக்கா இது டெப்போவுக்கே போயி நின்னுச்சு சார். கண்டக்டரு போன் பண்ணி, ஒங்க பாசஞ்சரு இங்க இருக்குன்னாரு” என்றார் ஏழுமலை.

“இந்தாளுக்கு அதச் சொல்லலன்னா தூக்கம் வராது” என்றார் கோமதி. ஆனால் சிரித்தார்.

“அவ்வளவுதான்க்கா விஷயம். மூளைக்கு ஒண்ணுமில்ல. வளைவப் பாத்து ஏறுறவள, எழுத்தெழுத்தா பாத்து ஏற வைக்கிறோம். அதுக்குத்தான் தனி ரூம். கொஞ்ச மாசம் ஆகும். அப்புறம் எதுக்கு ஊருக்கு அனுப்பணும்?”

கோமதியின் சிரிப்பு நின்றது. “வீட்ல தமிழ் பேசறதாலதான் புள்ளைக்குப் படிப்பு ஏறலன்னு நீங்கதான சொல்லிவுட்டீங்க? இவராவது கம்மு, ஈட்டு, ஸ்லீப்புன்னு நாலு வார்த்த சொல்லுவாரு. எனக்கு அதுவும் வராது. சாப்புட வான்னு கையக் காட்டுறேன். ரெண்டு மாசமா எம்புள்ளகிட்ட நான் பேசல சார். ஊர்லன்னா வீட்லயும் தமிழு, பள்ளிக்கூடத்துலயும் தமிழு. அங்கயாச்சும் வாயத் தொறக்கட்டும்.”

பதிவேட்டில் நான் எழுதிய ‘அமைதி’ என்னவென்று அப்போதுதான் புரிந்தது. மேடம் சொன்னதும் நினைவில் இருந்தது.

“அது நான் சொன்ன தப்புக்கா” என்றேன். “யோசிக்காம சொல்லிட்டேன். வீட்ல தமிழ் பேசறதால படிப்பு கெடாது. நீங்க பேசப் பேசத்தான் அவளுக்கு வார்த்தை கூடும், கதை புரியும். படிக்கிறதுக்கு அதுதான் வேணும்.”

ஏழுமலை தலை குனிந்துகொண்டார். கோமதி என்னையே பார்த்தார்.

“அப்ப இந்த ரெண்டு மாசம்?”

கோமதி அதோடு விட்டுவிடவில்லை. “மனு அங்கயே இருக்கட்டும். மொதல்ல நீங்க என்னா சொல்லிக்குடுக்கறீங்கன்னு நான் கண்ணால பாக்கணும்” என்றார். சரி என்றேன்.

4. வராந்தாவில்

அடுத்த திங்கட்கிழமை கோமதி வந்து, பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தார். தர்ஷினி விரல் வைத்து ஒவ்வொரு ஒலியாகக் கூட்டி ஏழு வரி படித்தாள். இரண்டு இடத்தில் தவறு. கோமதி அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வராந்தாவில் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, “பசிக்குதாடி?” என்றார்.

தர்ஷினி திரும்பி என்னைப் பார்த்தாள். தமிழில் பேசலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறாள் என்பது எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. “அம்மா கேக்குறாங்கல்ல, சொல்லுமா” என்றேன்.

“பசிக்குதும்மா” என்றாள்.

கேட்டை அடையும் வரை அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மாத முடிவில் ஏழுமலை வந்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தர்ஷினி இப்போதும் மெதுவாகத்தான் படிக்கிறாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கையெழுத்து வாங்கிய பிறகு பெற்றோரை உடனே அனுப்பிவிடாதீர்கள். “வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போறீங்க?” என்று கேளுங்கள். அவர்கள் வாயால் சொல்லட்டும். நாம் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையை அவர்கள் எவ்வளவு உண்மையாக நடத்திக் காட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாது.