கோலுக்கு அடித்த நீலம்

என் நாத்தனார் தன் பட்டுப்புடவை ஒன்றை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து நீளமாக ஓர் உறை தைத்தாள். கோலூன்றித் தாண்டும் என் மகளின் கோலுக்கான உறை அது. அதன் நாடாவை அவிழ்க்கும் உரிமை வீட்டில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. பெற்றவள் நான் அந்த இருவரில் இல்லை.

கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்துவிட்டவள் அவள். தானும் ஒரு காலத்தில் தாண்டியவள். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் வீடு. சேதராப்பட்டு கம்பெனியில் அவள் ஷிப்ட் முடித்து வந்ததும், கூடத்தில் தலையணைகள் மேல் கோலைக் கிடத்தி, அத்தையும் மருமகளும் உட்கார்ந்துவிடுவார்கள். ஈரத்துணியால் மண்ணைத் துடைப்பார்கள். கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போவார்கள். வெயிலில் சாத்தக் கூடாது, சரளையில் போடக் கூடாது, ஆணி வைத்த ஷூ பக்கத்திலேயே வரக் கூடாது. "ஃபைபர் கோல் வயசாயி உடையாது அண்ணி, கீறல் பட்டாத்தான் உடையும்" என்பாள். நான் அடுக்களையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். காய்ச்சல் வந்தால் மட்டும் மகளுக்கு நான் வேண்டும். அவளுக்குக் காய்ச்சலும் அடிக்கடி வருவதில்லை.

இந்த மாட்டுப் பொங்கலன்று என் கணவர் மாட்டுக் கொம்புகளுக்கும் டிராக்டருக்கும் நீலம் அடித்தார். பெயின்ட் மிஞ்சியது. மகள்மேல் உள்ள ஆசையில் கோலையும் எடுத்தார். பெயின்ட் பிடிக்க வேண்டுமே என்று, வண்டிச்சட்டத்தைத் தேய்ப்பதுபோல உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு அடித்தார். பளபளவென்று நின்ற கோலைப் பார்த்து மகள் குதித்தாள்.

பண்டிகை ட்யூட்டி முடிந்து வந்த நாத்தனார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தேய்த்ததில் மேல்நார் அறுந்திருக்கும், எங்கே அறுந்தது என்று பெயின்ட் காட்டாது, இனி இதில் ஏறக் கூடாது என்றாள். மாநில அணித் தேர்வு நெருங்கியிருந்தது. மகளின் எடைக்கு ஏற்ற வேறு கோல் இல்லை.

"நான் மேல போறது உனக்குப் புடிக்கல அத்த. நீ போவாத எடத்துக்கு நான் போயிடுவேன்னு பயம்" என்றாள் மகள். பிறகு வந்து என் மடியில் தலை வைத்தாள். மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்த எனக்கு அது இனித்தது என்பதுதான் உண்மை.

மறுநாள் காலை மைதானத்தில் மகள் பிடிவாதமாகக் கோலை எடுத்தாள். நாத்தனார் அதைப் பிடுங்கி, நாலடி ஓடி, குழியில் ஊன்றி, தாண்டாமல் தன் எடையை மட்டும் அதன்மேல் போட்டு வளைத்தாள். வெடிச் சத்தம் கேட்டது. நீலத் துண்டொன்று தெறித்து அவள் முன்கையில் அடித்தது, எலும்பு முறிந்தது. அதன் உச்சியில் இருந்திருக்க வேண்டியவள் என் பெண். மகள் "அத்த" என்று கத்தியபடி ஓடினாள். அவளைப் பிடிக்க நீட்டிய என் கையைத் தாண்டித்தான் ஓடினாள்.

மாவுக்கட்டோடு உட்கார்ந்தபடியே யார் யாருக்கோ போன் போட்டு, நாத்தனார் ஒரு கோல் இரவல் வாங்கினாள். பயிற்சியில் தாண்டுகிறவள் கைவிட்டதும் கோல் தரையில் விழுந்து அடிபடாமல் ஒருவர் பிடிக்க வேண்டும். அதுவரை பிடித்தவள் அவள்தான்.

"நீங்க புடிங்க அண்ணி. பாப்பாவப் பாக்காதீங்க, கோல மட்டும் பாருங்க."

மகள் ஓடி வந்தாள். கோல் வளைந்து நிமிர்ந்தது. நான் அதை மட்டும் பார்த்தேன். சரிந்து வந்ததை இரண்டு கையாலும் பிடித்தேன். மெத்தையில் மகள் விழுந்த சத்தம் கேட்டது. குறுக்குக் கம்பி அப்படியே இருந்தது. தேர்வுக்கு வேண்டிய உயரம் அது.

திரும்பினேன். நாத்தனார் வாய் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் அண்ணி பாத்தேன், அவ மேல போறத."

கோலைக் கீழே வைக்கவும் முடியாமல் நின்றிருந்தேன். அதையும் பார்த்தது அவள்தான், நான் இல்லை.