ஓரகத்தி குடித்த நீராகாரம்

எனக்கு ஞாபகம் குறைகிறது என்று முதலில் சொன்னவன் என் மகன்தான். ஆற்றில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. போர்வெல் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தவள் அணைக்க மறந்துபோனேன். விடிந்து போய்ப் பார்த்தால், தெளித்த விதையெல்லாம் வரப்போரம் ஒதுங்கிக் கிடந்தது.

மெட்ராஸிலிருந்து மகன் காரில் வந்து இறங்கிவிட்டான். "போன தடவை கேஸ் அடுப்பு. இப்ப மோட்டாரு. ஒரு டாக்டரைப் பாத்துடுவோம்மா" என்றான்.

எங்களுடையது பாகம் பிரிக்காத நிலம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் போய்ச் சேர்ந்த பிறகு, எந்த நெல் விடுவது, எப்போது நாற்றுப் பறிப்பது, நடவுக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாம் என் வாய்ச்சொல்தான். விதை நெல் கிடக்கிற அறையின் சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதில்லை. ஞாபகம் போய்விட்டது என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் அந்தச் சாவியும் போய்விடும். எனக்கு அந்தப் பயம்தான். வியாதியைப் பற்றி அவ்வளவு பயமில்லை.

கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, அடுத்த வாசலில் இருக்கிறாள். எட்டாவது வரை படித்தவள். உர மூட்டையில் இருக்கிற எழுத்தையும் விடாமல் சத்தமாகப் படிப்பாள். நான் எழுத்துக்கூட்டி முதல் வரியை முடிப்பதற்குள் அவள் மூட்டையையே முடித்துவிடுவாள். கும்பகோணத்துக்குக் கிளம்பும்போது அவளும் பட்டுப்போல ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "உங்களுக்குத் துணையா இருக்கும்க்கா. அப்படியே நானும் பாத்துக்கிறேன்."

டாக்டர் சின்னப் பெண். என்ன கிழமை, என்ன மாசம் என்று கேட்டாள். பிறகு, மறதி நோயின் அறிகுறியை ரத்தத்திலேயே பார்க்க ஒரு சோதனை இருக்கிறது, ரத்தம் வெளியூர் போய் வரும் என்றாள். "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க. தண்ணி மட்டும் குடிக்கலாம்."

மறுநாள் எனக்குக் கிருத்திகை விரதம். பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகாது. இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.

முடிவு வந்தது. ஓரகத்திக்கு நன்றாக இருக்கிறதாம். எனக்கு அளவு ஏறியிருக்கிறதாம், சந்தேகமாம்.

"சாவி கொஞ்ச நாளைக்குச் சித்திகிட்ட இருக்கட்டும்மா" என்றான் மகன், என் முகத்தைப் பார்க்காமல். அவிழ்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் கை சும்மா சும்மா இடுப்புக்குப் போய்த் திரும்பியது. அவளாவது அதை இடுப்பில் சொருகிக்கொண்டாளா? பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியடித்து மாட்டிவிட்டாள், பால்காரன்கூடப் பார்க்கிற மாதிரி. நடவாட்கள் எல்லாம் அவள் வாசலுக்குப் போனார்கள். "சின்னம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம்!" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை, சாவி ஆணியில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சொம்பில் நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கிறீங்களாக்கா? இது இல்லாட்டி எனக்குத் தலை சுத்தும். அன்னிக்கு ரத்தம் குடுக்கப் போனப்பகூட ஒரு சொம்பு குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"தண்ணி மட்டும்னுதானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு?"

"இது என்ன கள்ளா? சோத்துத் தண்ணிதானே!"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் சாப்பிட்டாயா என்றால் சோறு சாப்பிட்டாயா என்றுதான் அர்த்தம். நீராகாரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விரதம் இல்லாதிருந்தால் நானும் குடித்துவிட்டுத்தான் போயிருப்பேன். ஆனால் அதையெல்லாம் அப்போது நான் நினைக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, சித்தியைப் போயி..." என்று இழுத்தான்.

"நீ டாக்டரைக் கேளுடா!"

கேட்டான். சாப்பிட்டால் ரத்தத்தில் இந்த அளவுகள் கொஞ்சம் இறங்கிவிடலாம் என்று டாக்டர் சொன்னாளாம். ஏன் என்பது இன்னும் முழுசாகத் தெரியாதாம். நீராகாரத்திலும் சோற்றின் சத்து உண்டு, ஆகையால் அவளுக்கு நன்றாக இருக்கிறது என்று நம்ப முடியாது, எனக்கு நோய் என்றும் இது ஒன்றை வைத்து முடிவு கட்டக்கூடாது, இரண்டு பேரும் மறுபடி கொடுங்கள் என்றாளாம். எனக்குக் காவேரி வந்த மாதிரி இருந்தது.

மறுபடி ரத்தம் கொடுக்க மகன் காரோடு வந்துவிட்டான். அன்று காலையில், ஓரகத்தி கோலம் போடுவதற்கு முன்பே போய் அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

"என் வாயைக் காவல் காக்க வந்தீங்களா?"

"ஆமா."

சிரித்தாள். "அப்ப உங்க வாய்க்கு நான் காவல். அந்த வெத்தலையைக் கீழ வைங்க."

பார்த்தால், என் கையில் சுண்ணாம்பு தடவின வெற்றிலை. விரத நாளில் தொடமாட்டேன். அன்று கை தானாகப் போயிருக்கிறது. அது வரை எனக்கும் வெற்றிலை சாப்பாட்டுக் கணக்கில் இல்லை. திருவிடைமருதூர் தாண்டுகிற வரை ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக்கொண்டே போனோம். ஓட்டிக்கொண்டிருந்த மகன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

முடிவு வந்த அன்று மூன்று பேருமாகப் போனோம். இந்த முறை அவள் அளவும் ஏறி, என் அளவு நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சந்தேகம்தான், நோய் என்ற முடிவில்லை, இன்னும் சில சோதனை பார்க்க வேண்டும் என்றாள் டாக்டர். உள்ளுக்குள் என் மனசு குளிர்ந்துபோனது உண்மை. பிறகுதான் ஓரகத்தியைப் பார்த்தேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு கடைப் பலகையைக்கூடப் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளே ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்களே வச்சுக்குங்கக்கா. மோட்டாரை மட்டும் ரெண்டு பேருமாப் போயி அணைச்சுட்டு வருவோம்." இடுப்பில் சொருகினேன். மகன், "இனிமே நீங்க பாத்துப்பீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே மெட்ராஸ் போய்விட்டான்.

ஓரகத்தி மகளோ முடிவைக் கேட்டதும் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு ஓடி வந்தாள். அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரினாள், சோறு பிசைந்து கொடுத்தாள். திரும்பிப் போன பிறகும் காலையும் மாலையும் போனில் முகம் காட்டிப் பேசுகிறாள். அம்மா தூங்கினியா, அம்மா மாத்திரை போட்டியா. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கிறது. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

நேற்று பொறுக்க முடியாமல் எழுந்து போனேன். போனுக்குள்ளிருந்து அந்தப் பெண், "பெரியம்மா நல்லாருக்காங்களா?" என்று கேட்டது.

"அவங்களுக்கென்னடி, ராணி மாதிரி இருக்காங்க" என்றாள் ஓரகத்தி.

"எனக்கும் அதே அளவுதான் வந்துச்சுன்னு சொல்லுடி அவகிட்ட" என்றேன்.