நொட்டையார் ஜீப் பார்த்த கதை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில், தைத்து முடிந்த சட்டைகளைத் தரம் பார்க்கும் மேசை முன்னால் இருபது வருடங்களாக நின்றுகொண்டிருப்பவர் நம் கதாநாயகர். நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் குறை கண்ணில் படாது என்பது நிர்வாகத்தின் மகத்தான கண்டுபிடிப்பு. கோணல் தையல், பிசிறு விட்ட நூல், ஒன்றையொன்று பார்க்க மறுக்கும் காலர் முனைகள் என எதைக் கண்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். சட்டை வந்த வழியே திரும்பிப் போகும். தைத்த பெண்கள் அவருக்கு நொட்டையார் என்று பெயர் வைத்தார்கள். மரியாதையோடுதான் வைத்திருக்கிறார்கள் என்று அவர் நம்பினார்.

இந்தத் திறமையை வேலை முடிந்ததும் மேசையிலேயே வைத்துவிட்டு வர அவருக்கு மனம் வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் யார் கட்டில் வாங்கினாலும், பழைய பிரிட்ஜ் வாங்கினாலும் அவரைக் கையோடு கூட்டிப் போவார்கள். அவர் அதிகம் பேசவும் மாட்டார். பொருளை ஒருமுறை சுற்றி வந்து உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலுக்கே விலை ஒரு படி இறங்கும். சொந்த வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் நாடகத்தில் மனைவிக்கும் வேடம் உண்டு. இவர் குறை சொல்லி முடித்ததும் அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க போலாம், நமக்கு இது சரிப்படாது" என்று வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவருவார். இருபது வருடத்தில் ஓடிவராத கடைக்காரர் என்று யாருமில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆசை என்று ஒன்று வந்ததுதான் விபரீதம்.

அவர் வேலைக்குப் போகும் வழியில், மாட்டு டாக்டரம்மா வீட்டு முற்றத்தில், பச்சை நிறத்தில் ஒரு ஜீப் நின்றது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜாதி. சேறு, கல், ஓடை எதையும் பொருட்படுத்தாது. அதைத் தாண்டும்போது அவருடைய ஸ்கூட்டர் தானாகவே வேகம் குறையும். ஒருநாள் அதன் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற அட்டை தொங்கியது. அன்று நான்கு கோணல் காலர்கள் அவர் கண்ணுக்குத் தப்பிக் கப்பல் ஏறின. தொழிற்சாலை வரலாற்றில் அது ஒரு கறுப்பு நாள்.

விடுமுறை அன்று மனைவியோடு போய் இறங்கினார். ஆசையை முகத்தில் காட்டக் கூடாது என்பதற்காகப் பல்வலிக்காரர் மாதிரி ஒரு முகத்தை வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு போனார்.

டாக்டரம்மா ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. "வாங்க தம்பி, வாம்மா. பிடிச்சா எடுங்க, இல்லேன்னா ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றவர், மனைவியை ஓட்டுநர் இருக்கையிலேயே ஏற்றி உட்கார வைத்தார். பிறகு வண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"மீட்டர் மூணு லட்சத்தத் தாண்டி நின்னுபோச்சு. அதுக்கப்புறமும் நான் நிக்காம ஓட்டியிருக்கேன். ஆயில் கொஞ்சம் குடிக்கும். இந்தக் கதவு உள்ளேருந்துதான் திறக்கும். இதோ இந்தப் பள்ளம், ஒரு காளை முட்டினது. அதுமேல தப்பில்ல, ஊசிய அது பாக்குற மாதிரி எடுத்துட்டேன்."

நொட்டையார் திகைத்துப்போனார். விற்கிறவரே எல்லாக் குறையையும் சொல்லிவிட்டால் வாங்க வந்தவர் என்னதான் செய்வது? இது தொழில் தர்மமா? சட்டைப்பையிலிருந்து சிவப்பு அம்புகளை எடுத்துப் பள்ளத்தில் ஒன்று, கதவில் ஒன்று ஒட்டிப் பார்த்தார். எல்லாம் டாக்டரம்மா சொன்ன குறைகள். சொந்தமாக ஒன்றாவது வேண்டுமே.

"நீங்க இந்த வேலையிலதான் இருக்கீங்களா தம்பி?" என்றார் டாக்டரம்மா, அம்புகளை மதிப்போடு பார்த்து.

"குவாலிட்டி செக்கிங். இருபது வருஷம்" என்றார். எதன் குவாலிட்டி என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்தத் தெம்பில் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்து, நிமிர்ந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"சேஸ்ல விரிசல் இருக்கு டாக்டரம்மா."

சேஸ் என்பது வண்டியின் முழு உடம்பையும் சுமக்கிற அடிச்சட்டம். அது விட்டால் வண்டியே விட்டது. இந்த இடத்தில் மனைவி இறங்கி வாசலைப் பார்த்து நடந்திருக்க வேண்டும். அவளோ ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதை விடுகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவும் விலையைக் குறைக்கவில்லை. அவர் முகம்தான் வெளிறியது.

"நேத்துகூட பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஸ்கூலுக்குப் போனேனே தம்பி!" படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வாயில்லாத ஜீவனுக்கு எங்க வலிக்குதுன்னு கண்டுபிடிச்சவ நான். என் வண்டி உடைஞ்சு கிடக்குறது தெரியலையே. இத யாருக்கும் விக்க மாட்டேன். பாவம் எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டுப் பழைய இரும்புக்கடைக்குப் போன் போட்டார். வண்டியைத் துண்டாக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடைக்காரர் லாரியோடு பக்கத்துத் தெருவிலேயே இருந்தாராம். இதோ வந்துவிடுவாராம்.

நொட்டையாருக்குக் கை கால் ஓடவில்லை. "சின்ன விரிசல்தான் டாக்டரம்மா. வெல்டிங் வச்சா போதும்."

"மனசு கேக்காம சொல்றீங்க."

"இல்ல, அது விரிசல்கூட இல்ல. ஒரு கோடு மாதிரி..."

"உங்க நல்ல மனசுக்கு நீங்க நல்லா இருக்கணும் தம்பி. வயசானவ வருத்தப்படக் கூடாதுன்னு பாக்குறீங்க."

பொய்யை ஒரே தடவையில் நம்பியவர், உண்மையைத் தவணையில் சொன்னால் நம்ப மறுத்தார். மனைவி இருக்கையில் இருந்தபடியே, "ஏங்க, சொல்லிடுங்க" என்றாள். குரல் உயரவில்லை.

"நான் பொய் சொன்னேன்" என்றார் நொட்டையார். "விலையக் குறைக்கத்தான்."

"அடியில குனிஞ்சு பாத்தீங்களே?"

"குனிஞ்சேன். பாக்கல."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். "அப்போ விரிசல் இருக்கா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது" என்றார். "இப்ப பாருங்க."

புதுச் சட்டையோடு மண்ணில் மல்லாந்து, நொட்டையார் வண்டிக்கு அடியில் நுழைந்தார். கைக்குட்டையால் சட்டத்தின் கிரீஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, குறை இருக்கக் கூடாதே என்று பார்த்தார். இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கீறல் இல்லை. உடனே வெளியே வந்திருக்கலாம். வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாததால் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மனைவியும் இறங்கி வந்திருக்க வேண்டும், இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. மேலே பேச்சு கேட்டது.

"இவரு எப்பவுமே இப்படித்தானாம்மா?"

"ஆமா டாக்டர். இத்தன வருஷத்துல நான் சமைச்சத ஒருநாள்கூட நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. ஏதோ பேரம் பேசுறாருன்னு நெனச்சுக்குவேன். எத எந்த விலைக்குக் குறைக்கப் பாக்குறாருன்னுதான் தெரியல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மனைவியும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்துத் தொலைத்திருக்கலாம். அடியில் கிடந்தவருக்குக் காது சுட்டது.

"தம்பி, என்ன, ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. சுத்தமா இருக்கு."

டாக்டரம்மா மறுபடி போனை எடுத்தார். "வரவேண்டாம்பா. பாத்ததுல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார். யார் பார்த்ததில் என்று சொல்லவில்லை. அது நொட்டையாருக்கு இன்னும் வலித்தது.

"உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று மனைவியைக் கேட்டார்.

"பிடிச்சிருக்கு."

"ஓட்டத் தெரியுமா?"

"எங்க அப்பாவோட வேன ஓட்டியிருக்கேன். இவரு கியர் மாத்துறது சரியில்லன்னாரு, விட்டுட்டேன்."

"அப்போ உன் பேருக்கு எழுதித் தரேன். சொன்ன விலைதான்." பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து, "உங்களுக்குச் சம்மதமா தம்பி?" என்றார்.

"சம்மதம்" என்ற குரல் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அப்போ வெளிய வாங்க. ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடலாம்."

முதுகெல்லாம் மண், நெற்றியில் கிரீஸ். முன்னால் இரண்டு இருக்கைதான். ஒன்றில் மனைவி, ஒன்றில் டாக்டரம்மா. காய்ச்சல் கண்ட கன்றுக்குட்டிகளை ஏற்றிப்போகும் பின்பக்கத்து நீளப் பலகை அவருக்கு ஒதுக்கப்பட்டது. வண்டி ஒருமுறை இருமிவிட்டுக் கிளம்பியது. மேட்டிலும் பள்ளத்திலும் மனைவி கியர் மாற்றினாள். சரியாகத்தான் மாற்றினாள்.

பலகையில் ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது தொடையில் ஏறியது. அசலான குறை. டாக்டரம்மாவே சொல்ல மறந்தது.

"பின்னாடி உக்கார வசதியா இருக்கா தம்பி?"

"நல்லா இருக்கு டாக்டரம்மா" என்றார் நொட்டையார்.