ரயிலடியில் ஆரத்தி

அரசர் காலத்துப் பெட்டிகளைச் செப்பனிட்டு, தேக்குச் சுவர்களுக்கு மெருகேற்றி ஓட்டும் சொகுசு ரயில் அது. யஷ்வந்த்பூரிலிருந்து கிளம்பும். நான் அதில் அறைப் பணிப்பெண். படுக்கை விரிப்பது, காபி கொண்டுபோவது எல்லாம் பிறகுதான். முதல் வேலை, பட்டுப்புடவையும் மல்லிகையும் பெரிய பொட்டுமாகப் பிளாட்பாரத்தில் நின்று, ஏற வருகிறவர்களுக்கு ஆரத்தி எடுத்துக் குங்குமம் வைப்பது.

ஆரத்தித் தட்டைச் சுமங்கலிகள்தான் ஏந்தவேண்டும் என்பது மேனேஜரின் சட்டம். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, நம்மவர்கள் கேட்பார்களாம். வேலைக்கு எடுக்கும்போது, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். அதில் என்ன பொய்? தங்கவயலிலிருந்து என்னைக் கட்டிக் கூட்டிவந்த மனிதர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததை மேனேஜர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. மகளின் படிப்பு இந்த வேலையை நம்பி இருந்தது. நீலசந்திராவில் என் தெருவில் ஒரு வளைகாப்புக்குக்கூட என்னை முன்னால் நிற்க விடமாட்டார்கள். இங்கே ஊர் பேர் தெரியாதவர்களை எல்லாம் வாழ்த்தி ரயிலேற்றினேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு பயணத்தில் மல்லேஸ்வரத்து அம்மாள் ஒருவர், புதிதாகக் கல்யாணமான மகனோடும் மருமகளோடும் வந்தார். ஜோடிக்கு ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். வெறும் நெற்றி. "எனக்கு வேணாம்மா" என்று பின்னால் நகர்ந்துகொண்டார். அந்த நகர்தல் எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை மைசூரு. இளசுகள் உணவுப் பெட்டிக்குப் போயிருந்தார்கள். நான் அந்த அம்மாளின் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"உன் வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

மற்றவர்களிடம் சொல்வதுபோல ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அந்த வெறும் நெற்றியைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"அவரு இல்லீங்கம்மா. கொரோனால போயிட்டாரு."

என் பொட்டையே வெகுநேரம் பார்த்தார். "என் மருமகளுக்கு நீதானே ஆரத்தி எடுத்தே?"

"ஆமாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜரிடம் ஒரு வார்த்தை போதும். மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே காபி டம்ளர்களைக் கழுவினேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். புருஷனைப் பறிகொடுத்தவள் கையில் என்ன விஷமா இருக்கிறது?

அரண்மனை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மாலையில் மறுபடியும் ஆரத்தி உண்டு. தட்டை வேறொருத்தியிடம் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. கொடுக்கவில்லை. விரட்டுவதாக இருந்தால் தட்டோடு விரட்டட்டும்.

வேன் வந்தது. மகனும் மருமகளும் கைகோத்து இறங்கி என்னை நோக்கி வந்தார்கள். பின்னாலேயே வந்த அம்மாள், "நில்லுங்க ரெண்டு பேரும்" என்றார். பக்கத்தில் நின்ற மேனேஜர் திரும்பிப் பார்த்தார். நான் தட்டைத் தாழ்த்தவில்லை.

அவர்களை விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் முன்னால் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்ல எனக்கு வை."

வைத்தேன். குங்குமம் கொஞ்சம் மூக்கிலும் உதிர்ந்தது. அவர் துடைக்கவில்லை. மருமகளைத் திரும்பிப் பார்த்து, "இப்ப நீ வந்து நில்லு" என்றார்.